படமும் தொடரும் ஒரே டைம்லைனில்: வாசகர் கேள்வி – பதில்

திரைப்படத்தையும் அதே கதையின் தொலைக்காட்சித் தொடரையும் ரசிகர்களே வெட்டி, கோத்து, ஒரே படைப்பாக மாற்றும் ‘ஃபேன் எடிட்’ பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். கதை முடிச்சுகள் சில உடைபடும். பார்க்காதவர்கள் கவனிக்க.

கேள்வி: இதெல்லாம் யூடியூப் காலத்துப் பொழுதுபோக்குதானே? படம் எடுத்தவர்கள் யாராவது இப்படிச் செய்ததுண்டா? – ர. கு., தஞ்சாவூர்

உண்டு. 1977-இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சிக்காக கொப்போலாவின் ‘காட்ஃபாதர்’ முதல் இரண்டு பாகங்களையும் பிரித்துப்போட்டு, கால வரிசையில் அடுக்கி, திரையரங்கில் வராத காட்சிகளையும் சேர்த்து நான்கு இரவுகளாக ஒளிபரப்பினார்கள். அது உரிமையாளர்களே செய்தது. ரசிகர் பக்கத்தில், 1999-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தைச் சுருக்கிய ‘தி ஃபேன்டம் எடிட்’தான் இந்தப் பழக்கத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அங்கே வேலை குறைப்பது மட்டும்தான். படத்தையும் தொடரையும் சேர்ப்பதில் இரண்டு வெவ்வேறு இசையமைப்பாளர்கள், இரண்டு ஒளிப்பதிவு, சில சமயம் இரண்டு நடிகைகள் ஒரே பாத்திரத்தில் என்று எல்லாமே மோதும். எது எதன் பிறகு தெரியவேண்டும் என்ற கணக்கும் ஒலியும் சரியாக இருந்தால் மற்ற மோதல்களைப் பார்ப்பவர் மன்னித்துவிடுவார். இவை இரண்டும் தவறினால் எவ்வளவு டி.ஐ. (நிறச் சீரமைப்பு) செய்தாலும் எடுபடாது.

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’ படத்தோடு ‘தி க்ளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடர் ஏழாம் சீசனின் கடைசி நான்கு எபிசோடுகளைச் சேர்க்கிறேன். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும் கதை என்பதால் மாற்றி மாற்றி வைத்தேன். பார்த்தவர்கள் குழம்புகிறார்கள். எந்த வரிசை சரி? – வி. எம்., கோயம்புத்தூர்

ஒரே சமயத்தில் நடப்பது என்பதால் ஒரே சமயத்தில் காட்ட வேண்டியதில்லை. குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கும். 2005-இல் வந்த படம் 140 நிமிடம். 2020-இல் வந்த அந்த நான்கு எபிசோடுகளும் டைட்டில்களைக் கழித்தால் ஏறக்குறைய நூறு நிமிடம். ஆக நான்கு மணி நேரம். இத்தனை நீளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் பார்ப்பவர் கை ரிமோட்டைத் தேடும். ஒவ்வொரு பக்கமும் குறைந்தது எட்டு முதல் பன்னிரண்டு நிமிடம் ஓடட்டும்.

நீங்களே மாற்ற முடியாத சில ஆணிகள் கதைக்குள்ளேயே அடிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் அவற்றைத் தாளில் எழுதிவையுங்கள்.

முதல் ஆணி: ஒன்பதாம் எபிசோடில் ஜெடை வீரர்களான ஆனகினும் ஓபி-வானும் தலைநகர் தாக்கப்பட்ட செய்தி கேட்டு, ஆனகினின் முன்னாள் சீடர் அசோகாவை விட்டுக் கிளம்புகிறார்கள். படத்தின் முதல் ஷாட்டே அந்தத் தாக்குதல். எனவே தொடரில் தொடங்கி, அவர்கள் கிளம்பும் இடத்தில் படத்துக்குத் தாவுங்கள். மேண்டலோர் கிரகத்தில் அசோகா இறங்கும் பகுதியை உடனே காட்ட வேண்டாம். படத்தில் கப்பல் நொறுங்கித் தரையிறங்கிய பிறகு அதற்கு வரலாம். படத் தொடக்கத்தில் மேலேறும் மஞ்சள் எழுத்துகளை என்ன செய்வது? அவை சான்சலர் கடத்தப்பட்டதைச் சொல்லிவிடுவதால் எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க முடியாது. நடுவில் வைத்தால் படம் இரண்டாம் முறை தொடங்குவது போலிருக்கும். எடுத்துவிடுவதே மேல். தலைநகர் தாக்கப்பட்ட செய்தியைத் தொடரின் வசனமே சொல்லிவிட்டது.

இரண்டாவது: பத்தாம் எபிசோடில் ஓபி-வான் ஹோலோகிராமில் வந்து, டூக்கு இறந்ததையும், சான்சலரைக் கண்காணிக்கும்படி ஆனகினிடம் ஜெடை சபை சொல்லியிருப்பதையும் அசோகாவிடம் சொல்கிறார். படத்தில் ஓபி-வான் அந்த வேலையை ஆனகினிடம் ஒப்படைக்கும் காட்சிக்குப் பின்னால், உடபா கிரகத்துக்குப் புறப்படும் காட்சிக்கு முன்னால் இது வந்தாக வேண்டும். இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓபி-வான் நடக்காததைச் சொல்பவராகிவிடுவார்.

மூன்றாவது: அசோகா – வில்லன் மால் சண்டை. இதைப் படத்தின் கிரீவஸ் சண்டையோடு மாற்றி மாற்றி வெட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. செய்யாதீர்கள். இரண்டு வாள் சண்டைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மால் சண்டையை முழுதாக ஓடவிட்டு, அவன் சிறைபட்ட பிறகு உடபாவுக்குப் போங்கள்.

நான்காவது ஆணிதான் எல்லாரையும் குத்துவது. பதினோராம் எபிசோட் படத்தில் உள்ள ஜெடை சபைக் காட்சியின் அதே வசனங்களோடு தொடங்குகிறது. இரண்டையும் வைத்தால் ஒரே பேச்சு இரண்டு முறை வரும். பாதி வாக்கியத்தை நடிகர் சொல்லி மீதியைக் கார்ட்டூன் முகம் முடிப்பது போல ஒட்டினால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். சபைக் காட்சியைப் படத்தில் உள்ளபடியே முழுதாக வையுங்கள். எபிசோடில் திரும்ப வரும் வசனங்களை வெட்டி, அசோகாவே பேச ஆரம்பிக்கும் இடத்திலிருந்து மட்டும் சேருங்கள். ஆனகினைப் பற்றி மால் சொன்னதை யோடாவிடம் அவள் சொல்லாமல் விடுவதுதான் அங்கே தேவைப்படும் செய்தி. அது இந்தப் பகுதியில் இருக்கிறது.

ஐந்தாவது, ஆணை 66, அதாவது ஜெடைகளைக் கொல்லச் சொல்லி க்ளோன் வீரர்களுக்கு வரும் கட்டளை. அசோகாவுக்குக் கப்பலில் கேட்கும் குரல்கள் படத்தில் மேஸ் விண்டு சாகும் காட்சியின் குரல்கள். படக்காட்சி முதலில் வரவேண்டும், அதில் விவாதமே இல்லை. அதன்பின் ஜெடைகள் வரிசையாகச் சுடப்படும் பகுதி ஒரே நீண்ட இசைக்கோவையின் மேல் வெட்டப்பட்டது. நடுவில் க்ளோன் படைத்தலைவன் ரெக்ஸை நுழைத்தால் ஜான் வில்லியம்ஸின் ஆர்.ஆர். (பின்னணி இசை) இரண்டாகப் பிளக்கும், அதை எந்த ஃபேடும் ஒட்டவைக்காது. இசை முடியட்டும், அப்புறம் அசோகா, ரெக்ஸ். நேரக் கணக்கில் இரண்டும் ஒரே நொடி என்று யாரும் கடிகாரம் பார்க்கமாட்டார்கள்.

பன்னிரண்டாம் எபிசோடின் கப்பல் வீழ்ச்சியை முஸ்தஃபர் சண்டைக்கு முன்பே முடித்துவிடுங்கள். படமே அங்கே இரண்டு சண்டைகளை மாற்றி மாற்றிக் காட்டுகிறது. மூன்றாவது தாங்காது. புதைகுழிக் காட்சி பத்மேயின் இறுதி ஊர்வலத்துக்குப் பக்கத்தில் நன்றாகப் பொருந்தும். வேடர் பனியில் வந்து நிற்கும் கடைசிக் காட்சி காலம் கடந்தது என்பதால், டட்டூயினில் படம் முடிந்த பிறகு இரண்டு மூன்று நொடி இருட்டு விட்டுச் சேர்க்கலாம். படத்தின் எண்ட் கிரெடிட் இசை கடைசி ஷாட்டிலேயே ஏறத் தொடங்கிவிடுவதால், அதைக் கவனித்து இறக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நடிகர்கள் நடித்த படத்திலிருந்து அனிமேஷனுக்குத் தாவும்போது கண் உறுத்தாதா? – செ. பா., சிங்கப்பூர்

முதல் இரண்டு தாவல்களில் உறுத்தும். மூன்றாவதில் பழகிவிடும். அந்த முதல் இரண்டை விண்வெளி ஷாட், கப்பல், கட்டடம், மேகம் என்று மனித முகம் இல்லாத ஷாட்களில் வையுங்கள். ஆனகினின் நிஜ முகத்திலிருந்து நேராக ஆனகினின் அனிமேஷன் முகத்துக்கு வெட்டுவது மட்டும் கூடாது. இந்தப் படத்தில் உங்களுக்கு ஒரு சௌகரியம்: இது ஃபிலிமில் அல்ல, சோனியின் டிஜிட்டல் கேமராவில் 1080 வரிகளில் எடுக்கப்பட்டது. ஃபிலிமின் குறுமணி இல்லாததால் சுத்தமான அனிமேஷனோடு எளிதாக ஒட்டும். அதனாலேயே இந்த வேலைக்கு 4கே பதிப்பைத் தேடி அலையவும் வேண்டாம்.

கேள்வி: தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக இருக்கின்றன. ஒரு மணி நேரம் போனதும் குரல் பின்தங்குகிறது. எங்கே தவறு? – அ. ஜ., திருச்சி

எவ்வளவு பின்தங்குகிறது என்று அளந்து பாருங்கள், காரணம் தானே தெரியும்.

மணிக்கு 3.6 நொடி என்றால், நொடிக்கு 23.976 ஃப்ரேம் உள்ள படத்தை 24 ஃப்ரேம் டைம்லைனில் வைத்திருக்கிறீர்கள். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் சேர்ந்துகொண்டே போகும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் வீடியோவை உள்ளே இழுத்த பிறகு ப்ராஜெக்டின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. புதிய ப்ராஜெக்ட் திறந்து, முதல் வேலையாக 23.976 என்று வைத்துவிட்டுத்தான் கோப்புகளை இறக்க வேண்டும்.

மணிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால், உங்கள் மூலங்களில் ஒன்று ‘பால்’ (PAL) முறை டி.வி.டி. சினிமாவின் 24 ஃப்ரேமை 25-ஆக ஓட்டிப் பதிவு செய்த வட்டு அது. 140 நிமிடப் படம் அதில் 134 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் அரைச்சுரத்தில் (செமிடோன்) ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறியிருக்கும். படத்தையும் ஒலியையும் 95.904 விழுக்காடு வேகத்துக்கு இறக்குங்கள். அப்போது ‘சுருதியைக் காப்பாற்று’ என்ற வசதியை அணைத்துவைக்க வேண்டும். ஏறிய சுருதி இறங்கத்தானே வேண்டும்.

விலகல் ஒரே சீராக இல்லாமல் சில இடத்தில் கூடி, சில இடத்தில் சரியாகிறது என்றால், இடையில் ஏதோ கருவியில் மாற்றும்போது ஃப்ரேம் ரேட் மாறிக்கொண்டே இருக்கும் கோப்பாகிவிட்டது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்தினால் அதில் ‘கான்ஸ்டன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி மாற்றுங்கள். டைம்லைனில் கையால் நகர்த்திச் சரிசெய்யப் பார்த்தால் முடிவே கிடையாது.

அமெரிக்க டி.வி.டி.யாக இருந்து, கேமரா பக்கவாட்டில் நகரும்போது சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் வந்தால் அது வேறு நோய். அதற்கு டீ-இன்டர்லேஸ் போடாதீர்கள். நான்கு ஃப்ரேமை ஐந்தாக நீட்டியதை மறுபடி நான்காக்கும் ‘இன்வர்ஸ் டெலிசினி’ வடிகட்டிதான் மருந்து. வெறும் டீ-இன்டர்லேஸ் கோட்டை மறைக்கும், நடுக்கத்தை விட்டுவைக்கும்.

கேள்வி: தொடர் திரை முழுக்க வருகிறது. படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு வருகிறது. தொடரைப் படத்தின் அளவுக்கு வெட்டிவிடலாமா? – நா. தே., வேலூர்

இழப்பைப் பார்த்து முடிவெடுங்கள். 16:9 தொடரை 2.39 அகலப் படமாக வெட்டினால் உயரத்தில் கால்வாசிக்கும் கொஞ்சம் அதிகமாகப் போகும். 1080 வரியில் 804 வரிதான் மிஞ்சும், மேலும் கீழும் 138 வரி கறுப்பு. ஷாட்டுக்கு ஷாட் மேலே கீழே நகர்த்திச் சரிசெய்தால் தலை வெட்டுப்படாமல் தப்பிக்கலாம், ஆனால் க்ளோஸ்-அப்களில் தாடையோ நெற்றியோ போகும். பழைய 4:3 தொடரை அந்த அளவுக்கு வெட்டினால் 44 விழுக்காடு போய்விடும். அதைச் செய்யவே கூடாது. பக்கத்துக்கு 240 புள்ளிகள் கறுப்பு விட்டு அப்படியே வையுங்கள்.

அளவு மாறுவதைவிடச் சின்னதாகத் துடிப்பதுதான் அதிகம் உறுத்தும். படம் 2.39, தொடர் 2.35 என்றால் பட்டை ஒவ்வொரு தாவலிலும் ஏழு வரி எகிறும். எல்லா ட்ராக்குகளுக்கும் மேலே 138 வரிக் கறுப்பு மறைப்பு ஒன்றைப் போட்டுவிட்டால் அந்தத் துடிப்பு நிற்கும். அந்த மறைப்புக்குள் வசன எழுத்து விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: ஒரு காட்சியில் வசனத்தை மட்டும் நீக்கிவிட்டு இசையை வைத்துக்கொள்ள வேண்டும். முடியுமா? எனக்கு ஒலி பற்றி அதிகம் தெரியாது, கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். – ஹ. ர., யாழ்ப்பாணம்

ஸ்டீரியோ ஒலியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். வட்டில் உள்ள 5.1 ஒலித்தடத்தை எடுங்கள். அதில் முன்-இடது, முன்-வலது, நடு, தாழ்சுர ஸ்பீக்கர், பின்-இடது, பின்-வலது என்று ஆறு தனித்தனித் தடங்கள் உண்டு. வசனம் பெரும்பாலும் நடுத் தடத்தில்தான் இருக்கும். அதை மட்டும் ஊமையாக்கினால் வசனம் போய், இசை பக்கத் தடங்களில் மிஞ்சும். ஃபேன் எடிட் செய்பவர்களின் பாதி வித்தை இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

செய்முறையில் மூன்று சிக்கல் வரும். ஒன்று, எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் டால்பி, டி.டி.எஸ். தடங்களை எடுத்துக்கொள்ளாது. கோப்பு உள்ளே வரும், ஒலி வராது. எஃப்.எஃப்.எம்பெக் என்ற மாற்றும் மென்பொருள் கொண்டு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக முன்பே மாற்றிவிடுங்கள். இரண்டு, தடங்களின் வரிசை. டால்பி உள்ளே அடுக்கும் வரிசை வேறு, வேவ் கோப்பின் வரிசை வேறு. மாற்றும் கருவி குழம்பினால் வசனம் வலது ஸ்பீக்கரிலோ பின்னாலோ கேட்கும். ஒவ்வொரு தடத்தையும் தனியாக ஒலிக்கவிட்டு, வசனம் மூன்றாவதில் இருக்கிறதா என்று காதால் உறுதிசெய்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். மூன்று, நடுத் தடத்தோடு காலடி, துணியுரசல், கதவு எல்லாம் சேர்ந்து போய்விடும். காட்சி திடீரென்று காற்றுப் போன டயர் மாதிரி ஆகும். அதே காட்சியில் யாரும் பேசாத இரண்டு மூன்று நொடி எங்காவது இருக்கும். அந்த நடுத் தடத்தை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்று அரை நொடி மேவும்படி அடுக்கி, பள்ளத்தை நிரப்புங்கள். காலடியை வேறிடத்திலிருந்து எடுத்து, பாதம் தரை தொடும் ஃப்ரேமில் வையுங்கள்.

பெரிய அரங்கு, குகை மாதிரி இடங்களில் வசனத்தின் எதிரொலி பக்கத் தடங்களிலும் ஏறியிருக்கும். வசனம் போன பிறகும் அந்த ஆவி மட்டும் கேட்கும். அங்கே இந்த வித்தை பலிக்காது. இசையின் தனித் தட்டு இருந்தால் அதைப் போடலாம். குரலைப் பிரிக்கும் இன்றைய ஏ.ஐ. கருவிகளும் உதவும், ஆனால் தண்ணீருக்குள் கேட்பது போன்ற ஒரு குழைவை விட்டுவைக்கும். இசை உரத்து ஒலிக்கும் இடத்தில் அது மறையும், மெல்லிய இடத்தில் பல்லிளிக்கும்.

இனி சத்த அளவு. படமும் தொடரும் வேறு வேறு அளவில் கலக்கப்பட்டவை. மொத்தச் சராசரியை வைத்துச் சமன்செய்தால், வெடிச்சத்தம் நிறைந்த படத்தின் வசனம் கிணற்றுக்குள் போய்விடும். இரண்டிலும் சாதாரணமாகப் பேசும் ஒரு நிமிடத்தை எடுத்து, லவுட்னஸ் மீட்டரில் அந்த வசனத்தை மட்டும் அளந்து, சத்தமான பக்கத்தைக் குறையுங்கள். மெதுவான பக்கத்தை உயர்த்தினால் வெடிகள் உச்சவரம்பில் முட்டி உடையும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒட்டு. ஒலியின் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு ஃப்ரேம் கிராஸ்ஃபேட் கட்டாயம், இல்லையென்றால் ‘டிக்’ என்று கேட்கும். படத்திலிருந்து தொடருக்குப் போகும் இடத்தில் அடுத்த இடத்தின் சூழல் ஒலியைப் படம் மாறுவதற்கு 12 முதல் 24 ஃப்ரேம் முன்பே நுழையுங்கள். காது முதலில் போய்விட்டால் கண் பின்னால் வரும். ஓடும் இசையை நடுவில் வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், கதவு அறையும் சத்தம், கப்பல் பாயும் சத்தம் போன்ற பெரிய ஒலிக்குக் கீழே ஒளித்துவையுங்கள். இரண்டு இசையையும் நான்கு நொடி மேவவிட்டு ஃபேட் செய்வது மட்டும் வேண்டாம். இரண்டு சுருதியும் மோதி, கல்யாண வீட்டில் இரண்டு மைக் செட் பாடுவது போலாகும்.

கேள்வி: 4கே வட்டிலிருந்து எடுத்த படம் டைம்லைனில் சாம்பல் பூசியதுபோல் வெளிறித் தெரிகிறது. தொடர் சரியாக இருக்கிறது. – மு. இ., பெங்களூரு

படம் ஹெச்.டி.ஆர். (ஒளி வீச்சு அதிகமான வகை), டைம்லைன் சாதாரண டி.வி.க்கான ரெக். 709. நிறத்தை இழுத்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ரிசால்வில் ‘கலர் ஸ்பேஸ் ட்ரான்ஸ்ஃபார்ம்’ போட்டு, உள்ளீட்டை ரெக். 2020, எஸ்.டி. 2084 என்றும், வெளியீட்டை ரெக். 709, காமா 2.4 என்றும் வையுங்கள். அதைவிடச் சுலபம், அதே படத்தின் 1080 ப்ளூ-ரேயை எடுப்பது. மற்றபடி இரண்டு படைப்பையும் முழுக்க ஒரே நிறமாக்கும் ஆசை வேண்டாம். தையல் விழும் இடத்தில் இந்தப் பக்கம் ஒரு ஷாட், அந்தப் பக்கம் ஒரு ஷாட், அவற்றின் கறுப்பு ஒரே மட்டத்தில் இருந்தால் போதும். கறுப்பை ஸ்கோப் (ஒளியளவைக் காட்டும் வரைபடம்) பார்த்துச் சமன்செய்த பிறகே நிறச்செறிவைத் தொடுங்கள்.

கேள்வி: ‘ட்வின் பீக்ஸ்’ தொடருக்கு முந்தைய கதைதானே ‘ஃபயர் வாக் வித் மீ’? அதை முதலில் வைத்துத் தொடரைப் பின்னால் சேர்த்தால் கால வரிசை சரியாக இருக்குமே? – எஸ். கே., சென்னை

கால வரிசை சரியாகும், கதை செத்துவிடும். 1990–91 தொடரின் முதல் பாதி முழுக்க ‘லாராவைக் கொன்றது யார்’ என்ற கேள்வியில்தான் ஓடுகிறது. 1992 படம் லாராவின் கடைசி ஏழு நாட்களைக் காட்டி, விடையைக் கையில் கொடுத்துவிடுகிறது. தொடரின் கடைசி எபிசோடில் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும் ஒரு கனவும் படத்துக்குள் இருக்கிறது. ஆக அது முன்கதையாக இருந்தாலும் பின்னால் பார்க்க எடுக்கப்பட்ட படம்.

தொடருக்குள் ஃப்ளாஷ்பேக்காகத் துண்டு துண்டாகப் போடுவதும் ஓடாது. லாராவின் தோழி டோனாவாகத் தொடரில் லாரா ஃப்ளின் பாயில், படத்தில் மொய்ரா கெல்லி. அடுத்தடுத்த காட்சியில் முகம் மாறும். தொடர் 4:3, படம் 1.85.

செய்ய உகந்தது வேறு. 2014-இல் ப்ளூ-ரே தொகுப்பில் வந்த ‘தி மிஸ்ஸிங் பீஸஸ்’, படத்தில் வெட்டப்பட்ட சுமார் தொண்ணூறு நிமிடக் காட்சிகள். டேவிட் லிஞ்ச் தாமே ஒலியும் இசையும் முடித்துக் கொடுத்தவை என்பதால் படத்தோடு தையல் தெரியாமல் சேரும். முழுவதையும் திணிக்காதீர்கள். லாராவின் வீடு, ஊர்க்காரர்கள் வரும் துண்டுகள் படத்துக்கு இளைப்பாற இடம் தரும். தொடர் முடிந்த பிறகு நடப்பதாக வரும் கடைசித் துண்டுகளை வெளியே வையுங்கள். அவை இங்கே நுழைந்தால் லாராவின் முடிவு வலுவிழக்கும்.

கேள்வி: ‘ஃபயர்ஃப்ளை’ தொடரின் இறுதிப் பகுதியாக ‘செரினிட்டி’ படத்தை எபிசோடுகளாகப் பிரித்துச் சேர்க்க முடியுமா? – பி. ல., கொழும்பு

முடியும், நன்றாகவும் வரும். 119 நிமிடப் படம் மூன்று எபிசோடாகப் பிரியும், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்துக்குள். பிரிப்பதை நிமிடம் எண்ணிச் செய்யாமல், ஒரு பாத்திரம் திரும்ப முடியாத முடிவெடுக்கும் இடத்தில் செய்யுங்கள். முன்னோட்டக் காட்சி, பிறகு தொடரின் டைட்டில் பாடல் என்ற பழைய வரிசையை மூன்றிலும் வைத்தாலே பாதி ஒட்டிவிடும். ஆர்.ஆர். மட்டும் வேறு குணம்: தொடருக்கு கிரெக் எட்மன்சன், படத்துக்கு டேவிட் நியூமன். டைட்டில் பாடல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் மாற்றம் அவ்வளவாகத் தெரியாது.

உண்மையான ஓட்டை கதையில். தொடரின் முதல் கதையில், யாரோ ரகசியக் குழுவுக்குப் பணம் கொடுத்துத் தன் தங்கை ரிவரை மீட்டதாக சைமன் சொல்கிறான். படத் தொடக்கத்தில் அவனே வேடமிட்டுப் போய்த் தூக்கி வருகிறான். பலரும் படத்தின் மீட்புக் காட்சியை வெட்டுகிறார்கள். வெட்டினால் அந்தப் பதிவைப் பார்த்தபடி அறிமுகமாகும் வில்லன் ஆபரேட்டிவ் யார் என்றே தெரியாமல் போகும். சின்னப் பக்கத்தைத் திருத்துங்கள். தொடரில் சைமன் பேசுவதில் அந்தக் குழு பற்றிய இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் எடுத்துவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முக ஷாட்டால் மூடுங்கள். ஒரு எச்சரிக்கை: தொடரை 2002-இல் ஒளிபரப்பிய வரிசையில் அடுக்காதீர்கள். முதல் கதையைக் கடைசியில் ஒளிபரப்பிய புண்ணியவான்கள் அவர்கள். வட்டில் உள்ள வரிசையே சரி.

கேள்வி: எவ்வளவு இடம் வேண்டும்? என் லேப்டாப் திணறுகிறது. – ச. மு., மதுரை

ப்ளூ-ரேயின் சுருக்கப்பட்ட வீடியோவை நேராக வெட்டுவதால் திணறுகிறது. ப்ரோரெஸ் 422 அல்லது அதற்கு இணையான டி.என்.எக்ஸ். ஆக மாற்றினால் 1080-இல் மணிக்கு 53 ஜி.பி. வரும். நான்கு மணி நேரத்துக்கு 212. உயர்தர வகை என்றால் மணிக்கு 79. அவ்வளவு இடமில்லை என்றால் சின்ன ப்ராக்ஸி கோப்புகளில் (தரம் குறைத்த நகல்கள்) வெட்டி, கடைசியில் மூலத்துக்கு மாற்றுங்கள். முடிந்ததை எக்ஸ்264 சுருக்க முறையில், சி.ஆர்.எஃப். என்ற தர அளவை 18 வைத்து எடுக்கலாம். நொடிக்குப் பத்து மெகாபிட் வந்தால் கோப்பு 18 ஜி.பி. பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஏறாது. எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள், உங்கள் டி.வி. அதைப் படிக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.

கேள்வி: சப்டைட்டிலை எப்படிச் சேர்ப்பது? – கா. வ., ஈரோடு

எடிட் முழுக்க முடிந்த பிறகு. ப்ளூ-ரேயில் சப்டைட்டில் எழுத்தாக அல்ல, படமாக இருக்கும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் எழுத்தாக்கி, காட்சிவாரியாக நேரத்தை நகர்த்துங்கள். வேற்றுமொழி வசனத்துக்கு மட்டும் வரும் ‘ஃபோர்ஸ்டு’ தடத்தைத் தனியாகத் தேடி எடுக்க மறக்காதீர்கள். அதை விட்டுவிட்டு, அன்னியக் கிரக ஆள் என்ன சொன்னான் என்று தெரியாமல் முழிப்பவர்கள் அநேகம்.

கேள்வி: முடித்ததை யூடியூபில் ஏற்றலாமா? ஓடிடி சந்தா மட்டும் உள்ளவர்கள் என்ன செய்வது? – ந. பி., புதுச்சேரி

ஏற்றக் கூடாது, ஏற்றினாலும் யூடியூபின் தானியங்கிப் பதிப்புரிமைச் சோதனையான கன்டென்ட் ஐ.டி. பிடித்துவிடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52-ஆம் பிரிவு சொந்தப் பயனுக்கும் விமர்சனத்துக்கும் ஓரளவு இடம் தருகிறது. முழுப் படத்தையும் ஊருக்குப் பரப்ப அல்ல. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு நகல்தடுப்புப் பூட்டை உடைப்பதற்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் சொல்கிறது. காசு வாங்கி விற்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

பகிர ஆசைப்பட்டால் வெட்டுப் பட்டியலைப் பகிருங்கள். ‘படம் 00:00:00 முதல் இவ்வளவு வரை, பிறகு எபிசோட் 9, இத்தனையாவது நிமிடம் முதல்’ என்று நேரக்குறிப்போடு ஒரு பக்கத் தாள். எந்தப் பதிப்பு, எத்தனை ஃப்ரேம் என்று மேலே எழுதுங்கள், இல்லையென்றால் பால் வட்டு வைத்திருப்பவருக்கு ஒரு நேரமும் பொருந்தாது. ஓடிடி சந்தாதாரர்களும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். டவுன்லோடு, கணினி எதுவும் தேவையில்லை. தாவல்கள் பத்துக்குள் இருக்கும்படி பட்டியலைச் சுருக்குங்கள், அதற்குமேல் ரிமோட் பிடித்த கை சலித்துவிடும்.

கேள்வி: ‘பிரேக்கிங் பேட்’ கடைசி எபிசோடோடு ‘எல் கமினோ’வைச் சேர்க்க ஏதாவது தந்திரம்? – தி. ஆ., நாகர்கோவில்

தந்திரமே தேவையில்லை. தொடக்கத்தில் வரும் ஒரு ஃப்ளாஷ்பேக்கைத் தாண்டினால், தொடரில் ஜெஸ்ஸி காரில் தப்பும் இடத்திலிருந்தே 2019 படம் நேராகத் தொடர்கிறது. டைட்டில்களை எடுத்து, காரின் எஞ்சின் ஒலியை மேவவிட்டால் போதும். தொடர் 16:9, படம் 2.39, அதை அப்படியே விடுங்கள். படத்தின் ஃப்ளாஷ்பேக்குகளைப் பிடுங்கித் தொடரின் பழைய எபிசோடுகளுக்குள் நடும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ஆறு ஆண்டு இடைவெளியில் டாட் ஆக நடித்தவரின் உடல்வாகு பார்த்தவுடன் தெரியும் அளவுக்கு மாறிவிட்டது.